அரை அங்குலமும் ஓர் ஒற்றும்

ஒற்று வாத்தியாருக்கு வயிறு எரிந்த அந்த மூன்று மாதங்களில் எங்கள் மாடியில் யாரும் அடுப்பே பற்றவைத்திருக்க வேண்டாம். அவர் வீட்டுச் சுவரில் பாத்திரத்தைச் சாய்த்து வைத்தாலே தண்ணீர் கொதித்திருக்கும். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வந்துவிடும். முப்பத்தொரு வருடம் தபால் பிரித்து, ஒட்டிய உறைகளை வெளியே மட்டும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உறைக்கு உள்ளே இருப்பதெல்லாம் சிரமமில்லாமல் காதில் வந்து விழுந்ததை, அரசாங்கம் ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கொடுத்த சலுகை என்றே எடுத்துக்கொண்டேன்.

கீழே பூட்டு, தாழ்ப்பாள், ஆணி விற்கும் கடை. மேலே தகரக் கூரை போட்ட இரண்டு வீடுகள். அவர்கள் வீட்டில் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, நடுவில் ஒரு சமையல் மூலை. முன்னறையில் தையல் மெஷினும் வெட்டு மேசையும். பின்னறையில் கட்டிலும் இலக்கணப் புத்தகங்களும். முன்னறைக்காரி தையலக்கா. பின்னறைக்காரர் அவள் புருஷன், தமிழ் வாத்தியார்.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஒரு சொல்லும் இன்னொரு சொல்லும் சேரும் இடத்தில் க், ச், த், ப் வருமா வராதா என்பதில் உலகமே தொங்கிக்கொண்டிருப்பதாக நம்புகிறவர். பலகையில் ‘துணி கடை’ என்று எழுதியிருந்த ஒரே காரணத்துக்காகப் பதினோரு வருடம் ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். கூடப் படித்தவர் இறந்துபோன செய்தி கைப்பேசியில் வந்தபோது அழுதுகொண்டே இருந்தவர், ‘இறுதி சடங்கு’ என்ற இடத்தில் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, “ச் எங்க போச்சு?” என்றார். இதை என் காதாலேயே கேட்டேன்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. தோள். சாய்ந்து உட்காரும் பையன்களைப் பார்த்தால், “என் தோளப் பாருங்கடா, தராசு மாதிரி நிக்குது. இருபத்தாறு வருஷம் நிமிர்ந்து நின்னு பாடம் எடுத்த தோளு!” என்பார். பார்த்தால் உண்மைதான். சட்டை அப்படியே கோடு போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். எல்லாம் அக்கா தைத்த சட்டைகள்.

அக்காவின் பிழைப்பு பள்ளிச் சீருடை. வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் துண்டு சாக்பீஸ்களில்தான் அவள் துணியில் கோடு போடுவாள். காலையில் ‘உயிரெழுத்து’ எழுதிய சாக்பீஸ் மாலையில் கால்சட்டை வரையும். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

பிறகு எல்லாரும் வீட்டிலிருந்தே படிக்கும் இணையப் பள்ளிகள் வந்தன. ஒன்று வந்தது, பத்து வந்தன, ஒரு கட்டத்தில் தெருவிளக்குகளைவிட இணையப் பள்ளிகள் அதிகமாகிவிட்டன என்று நினைக்கிறேன். அவற்றுக்கும் சீருடை உண்டு. ஆனால் காமிரா மார்புக்குக் கீழே இறங்காது.

“மேல்சட்டை மட்டும் போதுங்கக்கா. பேன்ட்டு யாரு பாக்கப் போறா?” என்று தாய்மார்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பையன் பதில் சொல்ல மரியாதையாக எழுந்து நின்றுவிட்டான். அதற்கு மறுநாளே அந்தப் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது: ‘மாணவர்கள் எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க வேண்டாம்.’ அக்காவின் பிழைப்பு அன்றைக்கே இடுப்போடு அறுந்தது.

அடுத்து வாத்தியாருடைய வாய்க்கு வந்தது ஆபத்து. அவருடைய பள்ளிக்கூடம் ஓர் இணையப் பள்ளியோடு கைகோத்துக்கொண்டது. கரும்பலகையைக் கழற்றிவிட்டு, கட்டில் அகலத்துக்கு ஒரு திரை மாட்டினார்கள். அதில் எங்கிருந்தோ ஒரு பெண்மணி வந்து சிரித்துக்கொண்டே தமிழ்ப் பாடம் எடுப்பார். ஒரே தடவை படம் பிடித்தது, நாற்பது பள்ளிக்கூடங்களில் ஓடும். பரீட்சைத் தாளைக் கணினியே திருத்திவிடும். வாத்தியாருக்கு வேலை, திரையைப் போடுவது, அணைப்பது, இடையில் பையன்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது.

“அண்ணே, அந்தம்மா இன்னைக்குத் திரையில ‘பள்ளி கூடம்’னு எழுதிருக்கு அண்ணே” என்றார் ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து. “நாப்பது பள்ளிக்கூடத்துலயும் ஒரே நேரத்துல ‘க்’ செத்துப்போச்சு.”

“நீங்க எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதானே?”

“யார்கிட்டச் சொல்றது? அது ரெக்கார்டிங்கு. நான் கத்தினா அது பாட்டுக்குச் சிரிக்குது.”

அந்தச் சிரிப்பு அவரைத் தின்றது. நானும் திரையில் வருகிறேன் பார் என்று, பெரிய இணையப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார்கள். முன்னறையில் மெஷினை ஓரம் தள்ளி, நூல்கண்டுப் பெட்டிமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்று நாற்பது நிமிடம் புணர்ச்சி விதி எடுத்தார். நான் சுவரோரம் நாற்காலி போட்டுக் கேட்டேன். சிங்கம்! அப்படி ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை. எனக்கே இலக்கணம் பிடித்துவிடும் போலிருந்தது.

என்ன, மைக்கைப் போட மறந்துவிட்டார். அங்கே இருந்தவர்களுக்கு அவர் மீன்தொட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீனாகத்தான் தெரிந்திருக்கிறார். அவர்கள் காதைக் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். தன் தமிழ் காதில் தேனாகப் பாய்கிறது என்று பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு இவர் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தார்.

முடிந்த பிறகு விஷயம் தெரிந்தது. விருட்டென்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்புச் சொல்லலாம் என்று அக்கா கைப்பேசி முன்னால் குனிந்தாள். கையில் தைத்துக்கொண்டிருந்த காலர்.

“மன்னிச்சுக்குங்க மேடம். அவரு நல்லாச் சொல்லிக்குடுப்பாரு. இந்த போனுதான் சரியில்ல.”

“பரவால்லம்மா. அது என்ன கையில?” இது அந்தப் பள்ளியின் மேற்பார்வை மேடம்.

“காலருங்க. முனை திருப்பிட்டிருந்தேன்.”

“முனை எப்படி இவ்வளவு கூரா வருது? நாங்க கடையில வாங்குறது மொண்ணையாத்தானே இருக்கு?”

“மூலையில துணிய வெட்டிட்டுத் திருப்பணும் மேடம். இங்க பாருங்க, ஊசிய வச்சு இழுக்கக் கூடாது. உள்ள ஒரு நூல் விட்டு வச்சிருந்து, அந்த நூலப் பிடிச்சு இழுத்தா…”

பத்து நிமிடம். அவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. அக்காவுக்கு வந்தது: தினமும் மாலை நாலரைக்கு யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற திறந்த வகுப்பில் தையலாசிரியை வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். முடிவில் மேடமே வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார், பிறகு நிரந்தரம். வாத்தியாருக்கு வந்தது: ‘தங்கள் விண்ணப்பத்தை பரிசீலித்தோம். வருந்துகிறோம்.’

வேலை கிடைக்காததைவிட, ‘விண்ணப்பத்தை’க்குப் பின்னால் ‘ப்’ இல்லாததுதான் அவரைக் கொன்றது. சிவப்புப் பேனாவை எடுத்தார், கைப்பேசிக் கண்ணாடிமேலேயே வட்டம் போட்டுவிட்டார். இரண்டு நாள் அந்தக் கைப்பேசியில் யார் படத்தைப் பார்த்தாலும் மூக்கில் சிவப்பு வட்டம் இருந்தது.

நானும் அக்காவின் வகுப்பில் சேர்ந்தேன். தனிக்கட்டை, பட்டன் தைக்கவாவது தெரியட்டுமே. எனக்கு மட்டும் அந்த வகுப்பு இரண்டு தடவை நடக்கும். அக்கா “வணக்கம்” என்றால் முதலில் சுவர் வழியாக வரும், இரண்டு நொடி கழித்து, உலகத்தைச் சுற்றிவிட்டு, கைப்பேசி வழியாக வரும். முதல் வாரம் முப்பது பேர். மூன்றாவது வாரம் நூறு. பிறகு இருநூறைத் தாண்டியது. லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரிச் செவிலி, கைக்குழந்தைக்காரிகள், மீசை வைத்த இரண்டு போலீஸ்காரர்கள். எல்லாரும் “டீச்சர், டீச்சர்” என்றார்கள்.

அந்த ‘டீச்சர்’ பின்னறைக் கதவைத் துளைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் கிடந்தவரைக் குத்தியது. கீழே பூட்டுக் கடைக்காரர் வேறு, தெரியாமல் கத்தியைத் திருகினார்.

“நீங்கதானா டீச்சரோட வீட்டுக்காரரு? என் மக சொன்னா. அடடா, உக்காருங்க சார்.”

“எட்டு வருஷமா உங்க கடைக்கு மேலதான்யா குடியிருக்கேன். நான் வாத்தியாரு.”

“அப்படியா! வீட்ல ரெண்டு பேருமே டீச்சருங்களா? பரவால்லியே!”

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போய் வயிற்றெரிச்சலுக்கு ஒரு புட்டி வாங்கி வந்தார். இளஞ்சிவப்பாகக் குழம்பு மாதிரி இருக்கும். “எதனால எரியுது?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டாராம். காரணத்தைச் சொல்லாமல் வந்துவிட்டார். சொல்லியிருந்தால் அண்டா நிறையக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

சாப்பாட்டு வேளையில் சமையல் மூலையிலிருந்து பேச்சு வரும். அது என் அடுப்புக்கு நேர் பின்பக்கம்.

“இன்னைக்கு இருநூத்திப் பதினாலு பேருங்க.”

“கூட்டம் சேர்றதெல்லாம் பாடமில்லம்மா. குரங்கு ஆட்டுறவன்கிட்டக்கூடக் கூட்டம் சேரும்.”

“முட்டைய உரிச்சுத் தரட்டுமா?”

“எனக்கு உரிக்கத் தெரியும்.”

“தெரியுது, தெரியுது. ஒரு மாசமா என்னத்தான உரிச்சிட்டிருக்கீங்க.”

“நீ என்ன எழுதுறன்னு பாத்தியா? பலகையில ‘கழுத்து பட்டி’ன்னு எழுதற. கழுத்து வேற, பட்டி வேறயா? நடுவுல ஒரு ‘ப்’ போட்டா உன் மெஷினு தேஞ்சிடுமா?”

“நான் தையல் சொல்லித் தர்றேங்க. ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க.”

இருபத்திரண்டு வருடமாக அவள் அவரிடமிருந்து ஓர் ஒற்றைக்கூட வாங்கிக்கொண்டதில்லை. சாக்பீஸை வாங்கிக்கொண்டதோடு சரி.

ஐந்தாவது வாரம் வகுப்பில் ஒரு புது மாணவர் சேர்ந்தார். படம் இல்லை, குரல் இல்லை. கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும்: கடைசிப் பெஞ்சு.

எனக்குக் கையில் இருந்த பட்டன் கீழே விழுந்துவிட்டது. உலகத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அதில் ‘கடைசி’க்கும் ‘பெஞ்சு’க்கும் நடுவில் ஒரு ‘ப்’ போடுகிறவர்கள் எத்தனை பேர்? பொய்ப்பெயரில்கூட அவரால் அந்த ஒற்றை விட முடியவில்லை பாருங்கள்!

அக்கா பலகையில் ‘சட்டை துணி’ என்று எழுதினாள். மூன்று நொடி. கடைசிப் பெஞ்சு எழுதினார்: ‘சட்டைத்துணி. த் மிகும்.’ அக்கா ‘ஊசி துளை’ என்று எழுதினாள். ‘ஊசித்துளை. ஐயையோ!’ அந்த ‘ஐயையோ’ எனக்குச் சுவர் வழியாகவும் கேட்டது.

இருநூறு பேர் முன்னால் அக்கா சிவந்துபோவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அவள் சிரித்தாள். “நன்றிங்க, கடைசிப் பெஞ்சு. ஏன் வரும்னும் சொன்னீங்கன்னா புரிஞ்சுக்குவேன்” என்றாள்.

காரணம் கேட்டால் வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா? எழுதினார். வகுப்பு முடிந்த பின்னும் எழுதினார். ‘இரண்டும் சேர்ந்து ஒரே பொருளைக் குறிக்கும்போது நடுவே ஒரு தையல் வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் ஒற்று.’ இப்படியெல்லாம் எழுதினார். தினமும் நாலு மணிக்கே வீட்டுக்கு ஓடிவந்து, “விடைத்தாள் திருத்தணும், யாரும் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். விடைத்தாளைக் கணினி திருத்தத் தொடங்கி ஒரு வருடமாகிறது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா? “சரிங்க, திருத்துங்க” என்பாள்.

கொஞ்ச நாள் அந்த மருந்துப் புட்டிக்கு ஓய்வு கிடைத்தது. அக்காவுக்கும் ஒற்று கூடிக்கொண்டே வந்தது. அப்புறம் அக்கா ஒருநாள், முட்டையை உரித்துக்கொண்டே, அந்தப் பேச்சை ஆரம்பித்தாள்.

“வகுப்புல ஒருத்தரு வர்றாருங்க. கடைசிப் பெஞ்சுன்னு. என்னமாச் சொல்லித் தர்றாரு தெரியுமா!”

“யாரு?”

“தெரியல. நீங்களும்தான் இருபத்திரண்டு வருஷமாச் சொன்னீங்க, மண்டையில ஏறல. இவரு கோவிக்காம, காரணத்தோட சொல்றாரு. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை.”

“அவன்… அவரு ஆளு எப்படி?”

“முகத்தக் காட்டல. மெதுவாப் பேசுறவராத்தான் இருக்கணும். முட்டைய யாரு உரிச்சாலும் சாப்பிடுறவரு.”

நாற்காலி விழுந்த சத்தம். வாத்தியார் தன்மேலேயே பொறாமைப்பட்டுவிட்டார்! ஊரில் யார் யாரையோ பார்த்து வயிறெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பொய்ப்பெயரைப் பார்த்து வயிறெரிந்த மனிதர் இவர் ஒருவர்தான். இரண்டு நாள் அவர் பின்னறைக்குள் நடந்த நடையில் கீழே பூட்டுக் கடையில் பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொண்டன என்று கடைக்காரர் சொன்னார். சரி, அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

‘அந்த ஆளு இனி அவளுக்கு நல்லவனா இருக்கக் கூடாது.’ இப்படித்தான் அவர் புத்தி போயிருக்க வேண்டும். மூன்றாவது நாள் அவர், கடைசிப் பெஞ்சு பெயரிலேயே, மேடத்துக்கு நேராக ஒரு புகார் எழுதி அனுப்பிவிட்டார். அது எனக்கு அப்போது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. கடைசி வகுப்பு அன்று, இருநூறு பேர் கேட்க, மேடம் அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. தகரக் கூரையில் யாரோ ஆயிரம் மூட்டை ஆணியைக் கொட்டுவதுபோல் சத்தம். அக்கா காமிராவுக்குப் பின்னால் ஈரத்துணிகளை மறைத்துக் கட்டினாள். ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்தாள். நாலரைக்கு மேடம் வந்தார். இருநூற்று முப்பது பேர் இருந்தார்கள். கடைசிப் பெஞ்சும் இருந்தார், கறுப்புக் கட்டத்தில்.

“அம்மா, பாடத்துக்கு முன்னாடி ஒரு விஷயம்” என்றார் மேடம். “எழுத்து மூலமா ஒரு புகார் வந்திருக்கு. மறைச்சு வச்சுப் பேச எனக்குப் பிடிக்காது. படிக்கிறேன். ‘இவ்வாசிரியையின் எழுத்தில் பிழைகள் மலிந்துள்ளன. தாய்மொழியைப் பிழையின்றி எழுத இயலாதவர், ஆசிரியை என்ற சொல்லுக்கே தகுதியற்றவர். கடைசிப் பெஞ்சு.’”

மழைச் சத்தத்தையும் தாண்டி, மெஷின் சக்கரம் கிறீச்சென்று சுற்றி நின்றது எனக்குக் கேட்டது. அவள் கை தவறி அதைப் பிடித்திருக்க வேண்டும்.

“உங்க பாடம் நல்லா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல” என்றார் மேடம். “ஆனா இப்படி ஒண்ணு எழுத்துல வந்துட்டா, எழுதினவரே திரும்பப் பெற்றாலொழிய நான் நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட முடியாதும்மா. மேலிடத்துல கேப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

இரண்டு காதிலும் மழைதான். பிறகு சுவர் வழியாக அக்கா வந்தாள், அடுத்தாற்போல் கைப்பேசி வழியாக.

“அவரு எழுதினது உண்மைதாங்க மேடம். பிழை இருந்துச்சு.” ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காமிராவுக்கு நேரே விரித்தாள். பட்டை பட்டையாகத் துணித்துண்டு மாதிரிகள் ஒட்டிய பழைய அளவு நோட்டு அது. இடதுபக்கம் யார் யாருடைய இடுப்பு, மார்பு அளவுகளோ. வலதுபக்கம், வரிசையாக, ‘கழுத்துப்பட்டி. சட்டைத்துணி. ஊசித்துளை.’ பக்கத்திலேயே காரணம். “நாப்பத்தியொண்ணு திருத்தம் சொல்லிருக்காரு. ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன். இந்த மாசம் புதுசா அஞ்சுதான் தப்பு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? பாடம் எடுக்கட்டுங்களா?”

“எடுங்கம்மா.”

அவள் ஒரு சட்டையை ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டாள். வெளிர்நீலத்தில் மெல்லிய கோடு. எனக்குத் தெரிந்த சட்டைதான். வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படியில் என்னோடு பேசும் சட்டை.

“இன்னைக்குத் தோளு. எல்லாருக்கும் ரெண்டு தோளும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனச்சு வெட்டிடாதீங்க. செய்யுற வேல தோள இழுத்துடும். இப்ப இந்தச் சட்டைக்காரரு இருபத்தாறு வருஷம் பலகையில எழுதினவரு. தூக்கித் தூக்கி எழுதி, வலது தோள் மேல போயிடுச்சு. நோட்டுக் கட்டச் சுமந்து சுமந்து இடது கீழ எறங்கிடுச்சு. வித்தியாசம் அரை அங்குலம்.”

“அரை அங்குலம் ரொம்பவே தெரியுமே டீச்சர்?” என்றார் லாரிக்காரர்.

“தெரியும். அதனாலதான் இது.” சட்டையைத் திருப்பி, இடது தோள் பட்டியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே அதே துணி, இரண்டு மடிப்பாக, மயிரிழைத் தையலில். “இடதுபக்கம் மட்டும் வைக்கணும். வெளிய தெரியக் கூடாது. அளவெடுக்கும்போது ‘நேரா நில்லுங்க’ன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா, அன்னையிலேர்ந்து கண்ணாடியில அவரு அத மட்டும்தான் பாப்பாரு.”

“போட்டுக்கறவருக்கே தெரியாதா டீச்சர்?” என்றாள் செவிலி.

“இந்தச் சட்டைக்காரருக்கு இப்ப வரைக்கும் தெரியாது.”

என் சுவரின் பின்பக்கம், பின்னறையில், அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்தன. ஒரு சட்டை, இன்னொரு சட்டை, இன்னொன்று. கடைசியில் அவர் போட்டிருந்த சட்டையின் தோளையும் தடவிப் பார்த்திருப்பார். நான் பார்க்கவில்லை. ஆனால் கட்டில் ‘ங்கொய்’ என்று இறங்கியதைக் கேட்டேன். ஒரு மனிதர் முழு எடையோடு உட்கார்ந்தால்தான் அந்தக் கட்டில் அப்படிச் சத்தம் போடும்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் வயிறு எரிந்தது. என் தோளில் எத்தனை வருடத் தபால் பை! அதை அளந்து பார்த்துச் சொல்லாமல் மறைக்க ஓர் ஆள் இருந்ததில்லை.

வகுப்பு முடியப் போகிற நேரம். மேடம் தொண்டையைச் செருமினார். “கடைசிப் பெஞ்சு இருக்கீங்களா? நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?”

வாளியில் சொட்டு விழும் சத்தம் எனக்கு இரண்டிரண்டாகக் கேட்டது. ‘கடைசிப் பெஞ்சு எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. அந்த மனிதர் ஒரு முழுக் காவியம் எழுதி அழித்திருப்பார். கடைசியில் இரண்டே வரி விழுந்தது.

‘புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிப்பு கேட்கிறேன்.’

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இல்லை. ‘மன்னிப்பு’க்கும் ‘கேட்கிறேன்’னுக்கும் நடுவில், பதினோரு வருடம் ஒரு தெருவைச் சுற்றிப் போன மனிதர், அந்த எழுத்தை விட்டிருந்தார். ஆகாயமே இடிந்து விழுந்தாலும் விடாதவர்.

மேடம், “சரி, அப்ப நான் கையெழுத்துப் போட்டு…” என்று ஆரம்பித்தார். அதற்குள் சுவர் அதிர்ந்தது.

“என்னங்க! ‘மன்னிப்புக்’ கேக்கறேன். நடுவுல ‘க்’ போடணும்ங்க!”

இரண்டு நொடி கழித்து அதே குரல் என் கைப்பேசியில் வந்தது. லாரிக்காரருக்கும், செவிலிக்கும், மீசைப் போலீஸ்காரர்கள் இருவருக்கும், மேடத்துக்கும் வந்தது. இரண்டு மாதம் “கடைசிப் பெஞ்சு, கடைசிப் பெஞ்சு” என்று கூப்பிட்டவள், இருநூற்று முப்பது பேர் கேட்க, “என்னங்க” என்று கூப்பிட்டுவிட்டாள். ஒரு பெண் அந்தச் சொல்லை அந்த ராகத்தில் யாரைப் பார்த்துச் சொல்வாள் என்பது போலீஸ்காரருக்குக்கூடத் தெரியும். எல்லாக் கட்டங்களிலும் வாய்கள் திறந்தன.

பின்னறையிலிருந்து பதில் வந்தது. பாடம் சொல்லும் குரல்.

“ஆமாம்மா… மிகும்.”

அது எனக்குச் சுவர் வழியாக மட்டும்தான் கேட்டது. கைப்பேசியில் நான் இரண்டு நொடி காத்திருந்தேன், நான்கு நொடி காத்திருந்தேன், வரவில்லை. இந்தத் தடவையும் மனிதர் மைக்கைப் போட மறந்துவிட்டார்.